போகிக்கு முன் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, வங்கியில் குப்பை கொட்டியவர், மூத்த குடிமக்கள் டெபாசிட் பற்றியோ வருமான வரி பற்றியோ பேசுவார் என்றுதான் நினைத்திருப்பார். நான், "பழைய வைஸ் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். "அட்வைஸா? அதைத்தான் எல்லாரும் பேசுறாங்களே!" என்றார். அட்வைஸ் இல்லை ஐயா, வெறும் வைஸ். பெஞ்ச் வைஸ். லேத் பட்டறையிலும் ஐடிஐ-யிலும் மேசை ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருப்பார்களே, இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே சாமானை வைத்துக் கைப்பிடியைத் திருகினால் கவ்விப் பிடித்துக்கொள்ளுமே, அதுதான்.

இதைப் போய்க் கூட்டத்தில் பேச வேண்டுமா என்று உங்களில் பலருக்குத் தோன்றும். போகி வருகிறது. நம் மூன்று பிளாக்கிலும் லாஃப்ட்டைக் காலி செய்யும் வேலை தொடங்கிவிட்டது. பழைய இரும்புக்காரர் நம் கேட்டுக்கு வாரம் இரண்டு முறை வருகிறார். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் என் சொந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா இங்கே கோவையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். ஓய்வு பெற்றபின் வீட்டுத் திண்ணையில் ஒரு மேசை போட்டு, சைக்கிள், பம்பு, தையல் மெஷின் என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவருவதைச் சரி செய்து கொடுப்பார். மேசையின் இடது மூலையில் ஒரு நீல வைஸ். ஆலையில் கழித்துக் கட்டிய சாமான்களை ஏலம் விட்டபோது தன் காசில் எடுத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கைப்பிடியில் தொங்கி விளையாடுவேன். "அது ஊஞ்சல் இல்லடா" என்பார், அவ்வளவுதான்.

1991-இல் அப்பா தவறிப்போனார். வீட்டைக் காலி செய்யும்போது அந்த வைஸையும் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டேன். தராசு 20 கிலோ காட்டியது. கிலோ ஐந்து ரூபாய் வீதம் நூறு ரூபாய். பி.காம். படித்தவன், வங்கியில் வேலை பார்க்கிறவன், பேரம் பேசி நாலரையை ஐந்தாக்கிவிட்ட பெருமையோடு வீட்டுக்குள் வந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலியான மேசை மூலையை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் போனாள். அந்த நூறு ரூபாய்க்கு நான் என்ன வாங்கினேன் என்று இன்றைக்குவரை ஞாபகம் வரவில்லை.

ஓய்வு பெற்றபின் உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் சுற்ற ஆரம்பித்தேன். அப்பாவின் வைஸைத் தேடித்தான் போனேன் என்று சொன்னால் நம்புவீர்களா? இத்தனை வருடம் கழித்து அது இருக்காது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் போனேன். அது கிடைக்கவில்லை. ஆனால் வேறு பல கிடைத்தன. ஒரு கட்டத்தில் எங்கள் இரண்டு படுக்கையறை வீட்டில் ஏழு வைஸ்கள் சேர்ந்துவிட்டன. "கட்டில் தாங்குமான்னு நான் கேட்கலைங்க, கட்டடம் தாங்குமா?" என்று வீட்டம்மா கேட்டாள். இப்போது இரண்டுதான் இருக்கின்றன.

பழைய வைஸில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கோவையில் 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் மளமளவென்று பெருகின. ஆலைக்கு வேண்டிய இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஓல்டம் ஊரின் பிளாட் பிரதர்ஸ் பெயரைப் பழைய ஆலைத் தொழிலாளிகள் இன்றும் சொல்வார்கள். ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு ரிப்பேர் பட்டறை உண்டு. பட்டறை என்று இருந்தால் வைஸ் உண்டு. ஷெஃபீல்டு ஊரில் ஹாம்ப்டன் சகோதரர்கள் 1898-இல் தொடங்கிய கம்பெனியின் 'ரெக்கார்டு' வைஸ், ஷிப்லி ஊரின் 'பார்க்கின்சன்' வைஸ் எல்லாம் இங்கிலாந்துப் பட்டறைகளில் பேர் வாங்கியவை. நம் நாட்டு வைஸ்களில் பலவும் அந்த ரெக்கார்டின் உருவத்தைப் பார்த்துச் செய்தவைதான். இன்றும் கடையில் 'ரெக்கார்டு டைப்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதனால் நீல நிறத்தைப் பார்த்ததும் சீமைச் சரக்கு என்று முடிவு கட்டாதீர்கள். பக்கவாட்டில் வார்த்திருக்கும் எழுத்தைப் படியுங்கள்.

எழுத்தோடு ஒரு எண்ணும் இருக்கும். ரெக்கார்டில் 3 என்று போட்டிருந்தால் தாடை மூன்று அங்குலம் அல்ல, நாலு. 1 என்றால் மூன்று அங்குலம். 5 என்றால் ஐந்து, 6 என்றால் ஆறு. எனவே எண்ணை நம்பாமல் தாடையின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1941-இல் சிகாகோவில் தொடங்கிய 'வில்டன்' என்று ஒன்று உண்டு. துப்பாக்கித் தோட்டா மாதிரி உருண்டையான உடம்பு; திருகு முழுவதும் உள்ளே மூடியிருப்பதால் இரும்புத்தூள் போகாது. அதில் அடிப்பக்கத்தில் மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள். பல வைஸ்களில் அது செய்த தேதி அல்ல, ஐந்து வருட உத்தரவாதம் முடியும் தேதி. சேகரிப்பவர்கள் ஐந்தைக் கழித்துப் பிறந்த வருடத்தைக் கண்டுபிடிப்பார்கள். நம் டெபாசிட் ரசீதில் முதிர்வுத் தேதியைப் பார்த்துப் போட்ட தேதியைச் சொல்வது போலத்தான்.

இனி, பழைய வைஸை எப்படி மதிப்பிடுவது? வங்கியில் நகைக்கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். மதிப்பீட்டாளர் நகையை வாங்கியதும் நேராகத் தராசில் போடமாட்டார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பற்று வைத்த இடம் எது, அரக்கு அடைத்திருக்கிறதா, கல் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் உரைகல்லுக்குப் போவார். வைஸுக்கும் அதே முறைதான்.

முதலாவது, விரிசல். வைஸின் உடம்பு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் வளையாது. தாங்கமுடியாவிட்டால் பட்டென்று உடையும். அசையும் தாடையின் கழுத்து, நிலையாக நிற்கும் தாடையின் முதுகு, அடியில் போல்ட் போடும் காதுகள் ஆகிய மூன்று இடத்தையும் கூர்ந்து பாருங்கள். சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்பீர்களே, அதே மாதிரி. நல்லது கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது சொத்தென்று சொல்லும். கழற்றித் தனியாக வைத்துத் தட்டினால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு வழி. அந்த இடத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விடுங்கள். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் மெல்லிய கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது.

இரண்டாவது, புதுப் பெயின்ட். பழைய சாமானுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் எனக்கு இப்போதெல்லாம் பயம். சொந்த அனுபவம். ஒரு கடையில் அப்பாவுடையது போலவே ஒரு நீல வைஸைப் பார்த்தேன். பார்த்ததும் தட்டவில்லை, திருப்பவில்லை, 4,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் ஒரு ஆங்கிள் இரும்பை வைத்து இறுக்கினேன். டப்பென்று ஒரு சத்தம், தாடை கையோடு வந்துவிட்டது. உடைந்த இடத்தில் பாதி தூரம் பொன்னிறம். ஏற்கெனவே உடைந்ததைப் பித்தளைப் பற்றுவைத்து ஒட்டி, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். என் கால் தப்பியது பெரிய புண்ணியம். வங்கியில் யாராவது நகையை இப்படிப் பார்க்காமல் வாங்கி வைத்திருந்தால் அவருக்கு மெமோ கொடுத்திருப்பேன். எனக்கு யார் கொடுப்பது? வீட்டம்மா கொடுத்தாள். பற்றுவைத்த வைஸ் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்ன வேலைக்கு உழைக்கும். ஆனால் அது தெரிந்து, அதற்கான விலைக்கு வாங்க வேண்டும்.

மூன்றாவது, திருகும் நட்டும். தாடையைப் பாதி திறந்துவிட்டுக் கைப்பிடியை எதிர்த்திசையில் திருப்புங்கள். தாடை அசையத் தொடங்கும்வரை கைப்பிடி எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று கவனியுங்கள். கொஞ்சம் சும்மா சுற்றுவது இயல்பு. அரைச் சுற்றுக்கு மேல் போனால் மரை தேய்ந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். பிறகு தாடையை வெளியே உருவித் திருகுத்தண்டைப் பாருங்கள். மரையின் முகடு தட்டையாக இருக்க வேண்டும். கத்தி முனை மாதிரி கூராகியிருந்தால் அதன் ஆயுள் முடியப்போகிறது. அடிக்கடி பயன்படும் பகுதிதான் முதலில் தேயும். கடைசிப் பகுதி புதிது மாதிரியே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டாலே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பல வைஸ்களில் நட்டு தனிச் சாமான், மாற்ற முடியும்.

நான்காவது, தாடை நேராகக் கூடுகிறதா? மூடிவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அல்லது இரண்டு காகிதத் துண்டுகளைத் தாடையின் இரு ஓரங்களிலும் வைத்து மெதுவாக இறுக்குங்கள். இரண்டையும் இழுத்தால் ஒரே மாதிரி பிடித்திருக்க வேண்டும். ஒன்று சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் தாடை கோணல். தாடையின் முகத்தில் திருகிவைத்திருக்கும் எஃகுத் தகடு தேய்ந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ கவலை வேண்டாம். கணபதியிலோ பீளமேட்டிலோ ஏதாவது ஒரு சின்னப் பட்டறையில் செய்து கொடுத்துவிடுவார்கள்.

ஐந்தாவது, கைப்பிடி. அது வளைந்திருந்தால் யாரோ பைப் மாட்டி இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கைப்பிடியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தாடைக்குப் போகும் விசையும் இரண்டு மடங்காகும். ஒரு மனிதன் கையால் எவ்வளவு இறுக்க முடியுமோ அதற்குத் தக்கபடிதான் கைப்பிடியின் நீளத்தை வைத்திருப்பார்கள். வளைந்த கைப்பிடியை மாற்றுவது சுலபம். ஆனால் அதைப் பார்த்தால் திரும்பவும் முதல் சோதனைக்குப் போய் விரிசலைத் தேடுங்கள்.

இப்போது கணக்கு. அதே அளவில் ஒரு நல்ல புது வைஸ் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய வைஸுக்குத் தகடு மாற்ற 800, கைப்பிடிக்கு 200, ஆக ஆயிரம். மீதி ஐயாயிரம். அதற்குள் எந்த விலைக்கு வாங்கினாலும், வேலைக்கு வாங்குபவருக்கு நஷ்டமில்லை. விரிசல் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், நேராக இரும்பு எடைக்கு வந்துவிடுங்கள். சேகரிப்பவர்கள் இதற்கு மேல் கொடுப்பார்கள். அவர்களுக்குப் பழைய பெயின்ட், பழைய எழுத்து, குறையாத பாகங்கள் எல்லாம் முக்கியம். ஆனால் அந்த விலையை நம்பி யாரும் வாங்காதீர்கள். இது வட்டி தரும் முதலீடு அல்ல.

சுத்தம் செய்வது பற்றி இரண்டு வார்த்தை. துருப்பிடித்து இறுகிய திருகைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். மண்ணெண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். துருவுக்கு எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊற வைத்துப் பிரஷ் போடுங்கள். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். உடனே செய்யாவிட்டால் சாயங்காலத்துக்குள் மறுபடி துரு பூக்கும். முக்கியமாக, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்க விடாதீர்கள். ஈரமாக்கிச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்துங்கள். பால்கனியில் பேரக்குழந்தைகள் விளையாடும் வீடுகள் நம்முடையவை.

இனி, நான் இன்றைக்கு இங்கே பேச வந்ததற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

போன ஆடி மாதம் பி பிளாக் மூன்றாவது மாடி அம்மா என்னைக் கூப்பிட்டார். அவர் கணவர் ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. "ஏனுங்க, பால்கனியில ஒரு இரும்பு கிடக்குது. உங்களுக்கு இதெல்லாம் பிடிக்குமாமே. பழைய இரும்புக்காரர் 500 ரூபாய் தர்றேங்கறார். நீங்களே அதைக் கொடுத்துட்டு எடுத்துக்குங்களேன்" என்றார்.

சாக்கை விலக்கிப் பார்த்தேன். நீல வைஸ். நாலரை அங்குலத் தாடை, பழைய பெயின்ட், பக்கவாட்டில் ஷெஃபீல்டு எழுத்து. தட்டினேன், கோவில் மணி மாதிரி ஒலித்தது. கைப்பிடி நேராக இருந்தது. திருகு கால் சுற்றுகூடச் சும்மா சுற்றவில்லை. வருடக்கணக்காகத் தேடியும் கிடைக்காதது எங்கள் லிஃப்டுக்கு எதிரே இருந்திருக்கிறது. பர்ஸில் 500 ரூபாய் இருந்தது.

உங்களிடம் மறைப்பானேன், ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன். அவர் மனமுவந்துதான் தருகிறார், இரும்புக்காரர் சொன்ன விலைதானே, இதில் யாருக்கு என்ன குறை என்று மனசு கணக்குப் போட்டது. அப்போது வங்கி ஞாபகம் வந்தது. நகையை மதிப்பிடுகிற ஆள் அதே நகையை ஏலத்தில் எடுக்கலாமா? கூடாது. அது சட்டப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை. அதோடு, 1991-இல் எங்கள் வீட்டு வாசலில் தராசோடு நின்றவர் அந்த வைஸின் விலையைத் தெரிந்து நின்றாரா, தெரியாமல் நின்றாரா என்று எத்தனை நாள் யோசித்திருக்கிறேன்! அந்த இடத்தில் இப்போது நான் நிற்கிறேன்.

"அம்மா, இதுக்கு 500 ரூபாய் விலை இல்லைங்க. வேலைக்கு வாங்கறவங்களே ஏழாயிரம் வரைக்கும் தருவாங்க. நான் வாங்கப் போறதில்லை, அதனால தைரியமாச் சொல்றேன்" என்றேன்.

அவர் நம்பவில்லை. பிறகு வைஸைப் பார்த்தபடி, "தினமும் காலையில இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். எனக்குக் காபி கேட்கறதுக்கு முன்னாடி அதுக்கு எண்ணெய். எனக்கு அப்படி ஒரு கோபம் வரும்" என்று சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "விக்க வேண்டாமுங்க. ஆனா இங்கேயும் சும்மா கிடக்க வேண்டாம்" என்றார்.

அப்படித்தான் அந்த வைஸ் நம் பம்ப் ரூமுக்குப் பக்கத்து அறைக்கு வந்தது. அது சங்கத்துக்குச் சொந்தமில்லை, அவருடையது. சங்கப் பதிவேட்டில் 'இரவல்' என்று நானே என் கையால் எழுதி, அவரிடமும் செயலாளரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். கனமான பழைய தேக்கு மேசை ஒன்றை ஏ பிளாக் நண்பர் கொடுத்தார். நாலு போல்ட் போட்டு இறுக்கிவிட்டோம். இந்த ஐந்து மாதத்தில் அங்கே குக்கர் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, சைக்கிள் பெடல், சுவாமி விளக்கின் தண்டு என்று எத்தனையோ சரியாகியிருக்கிறது. டிப்ளமா படிக்கும் இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் அரம் போடப் பழகுகிறார்கள்.

விதிகள் மூன்றுதான். காலை ஒன்பதுக்கு முன்பும் இரவு ஏழுக்குப் பின்பும் தட்டக்கூடாது. கைப்பிடியில் பைப் மாட்டக்கூடாது. வேலை முடிந்ததும் தூளைப் பிரஷால் தட்டிவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தாடையை இறுக்கி மூடாமல் சிறிது இடைவெளி விட்டு வைக்க வேண்டும். எண்ணெய் டப்பா அலமாரியில் இருக்கிறது. மூன்றாவது மாடி அம்மா சில நாள் மாலையில் இறங்கி வந்து எண்ணெய் விட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். அதனால் யாரும் ஏமாற்ற முடியாது.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். போகிக்கு லாஃப்ட்டைக் காலி செய்யும்போது வைஸ், ரம்பம், இழைப்புளி, அரம், பழைய ஸ்பேனர் என்று ஏதாவது கிடைத்தால், தராசில் ஏற்றும் முன் ஒரு தடவை என்னைக் கூப்பிடுங்கள். வந்து பார்த்து, இருப்பதை இருக்கிறபடி சொல்கிறேன். விற்பதா, வைத்துக்கொள்வதா, கீழே இரவல் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். நான் வாங்கமாட்டேன், அதை இந்தக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன், வீட்டம்மாவும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். விரிசல் விட்டதாக இருந்தால் அதையும் சொல்வேன். தாராளமாக எடைக்குப் போடலாம்.

நான் ஏ பிளாக், தரைத்தளம். மதியம் இரண்டு முதல் நாலு வரை மட்டும் தூங்குவேன். மற்ற நேரம் எப்போது வேண்டுமானாலும் வந்து மணி அடியுங்கள்.